வானிறைக் கல்லுக்கு வாயில் வரி!

மாமல்லபுரத்துக் குன்றின் சரிவிலே, இன்று உருளுமோ நாளை உருளுமோ என்று கண்டார் அஞ்சும்படி ஒரு பெரும்பாறை நிற்கின்றது. எவ் வேந்தனும் அதனை அங்குக் கொண்டுவந்து நிறுத்தினானல்லன். மழையும் வெயிலும் காற்றும் அரித்தரித்து ஆக்கிய உருண்டை அது. வானிறைக் கல் என்பது தமிழர் அதற்கு வழங்கிய பெயர். பின்னர் அதனைக் 'கிருட்டிணனின் வெண்ணெய் உருண்டை' ஆக்கினர். பெயர் பறிபோனபோது தமிழர் வாளா இருந்தனர். இப்போது கல்லைப் பார்க்கும் உரிமைக்கே விலை வைத்தாயிற்று!

2019 அக்தோபர் 11, 12 ஆகிய நாள்களில் இந்தியத் தலைமையமைச்சர் மோதியும் சீனக் குடியரசுத் தலைவர் சி சின்பிங்கும் மாமல்லபுரத்திற் கூடினர். அப் பாறையின் முன் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டனர். அதுவரை அவ் விடம் ஊர்ப்பொதுவாக இருந்தது. ஆடுகள் மேய்ந்தன, சிறுவர் பாறைச் சரிவில் வழுக்கி விளையாடினர், முதியோர் மாலைப் பொழுதில் அமர்ந்து கடற்காற்று வாங்கினர். தலைவர்கள் திரும்பிய சில நாள்களிலேயே இந்தியத் தொல்லியல் துறை அங்கும் நுழைவுக் கட்டணம் வைத்தது. உள்நாட்டார்க்கு 40 உருபா. அயல்நாட்டார்க்கு 600 உருபா. விருந்தினர் வந்துபோனதும் வீட்டுத் திண்ணைக்குப் பூட்டுப் போட்டதை ஒக்கும் இச் செயல்!

கடற்கரைக் கோயிலும் ஐந்து ஒற்றைக்கல் தேர்களும் முன்பே கட்டணத்திற்கு உட்பட்டவை. மாமல்லபுரக் கலைச் செல்வங்களை 1984-இல் உலக மரபுச் செல்வங்களாக யுனெசுகோ ஏற்றது. அப் பெருமையே இன்று விலையேற்றத்திற்கு ஏணியாகி விட்டது. உலக மரபு இடங்களுக்குக் கட்டணம் மிகுதி என்பது துறையின் அளவுகோல். 2016 ஏப்பிரலுக்கு முன் உள்நாட்டார் கொடுத்தது 10 உருபா. அது 30 ஆயிற்று. 2018-இல் 40 ஆயிற்று. மூன்றாண்டு நிறையுமுன் நான்கு மடங்கு! எந்தக் கூலியாளின் கூலி அக் கால அளவில் நான்கு மடங்கு உயர்ந்தது?

செங்கழுநீர்ப்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வரும் ஓர் உழைப்பாளி வீட்டைக் கருதுக. கணவன், மனைவி, முதிய பெற்றோர் இருவர், பதினைந்து அகவை கடந்த மகள். ஐவர்க்கு 200 உருபா. பேருந்துச் செலவும் உணவும் வேறு. பதினைந்து அகவைக்கு உட்பட்டார்க்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால், பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டுப் பெற்றோர் வேலிக்கு வெளியே நிற்பதா? இதனினும் கொடுமை ஒன்றுண்டு. கைப்பேசி வழியாகப் பணம் செலுத்துவார்க்கு 5 உருபா குறைவாம். வங்கிக் கணக்கும் விலையுயர்ந்த கருவியும் உடையவனுக்குச் சலுகை. முந்தானையில் முடிந்த காசை அவிழ்ப்பவளுக்கு முழுக் கட்டணம்!

"பேணுதற்குப் பணம் வேண்டாவா?" என்பர் சிலர். வேண்டும். உப்புக்காற்று ஓயாது அரிக்கும் கடற்கரைக் கோயிலைக் காப்பது எளிதன்று. கல்லிற் பெயர் கிறுக்கும் கயவரைத் தடுக்கக் காவலும் வேண்டும். ஆனால், வாயிலில் வாங்கும் பணம் மாமல்லபுரத்திலா தங்குகின்றது? அது நடுவணரசின் கருவூலத்திற்கன்றோ போய்ச் சேர்கின்றது! 2021-22-ஆம் ஆண்டில் இங்கு வந்த அயல்நாட்டார் 1,44,984 பேர். அவ் வாண்டில் தாசுமகாலைக் கண்ட அயல்நாட்டாரினும் அவர் பன்மடங்கினர். கூட்டத்தின் குப்பையும் நெரிசலும் ஊருக்கு, கட்டணம் தில்லிக்கு, அதனை உறுதி செய்யும் ஆணையும் தில்லியிலிருந்தே!

வேந்தன் பொருள்களுள் உல்கினையும் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். ஆனால், உல்கு என்பது கலத்திலும் வண்டியிலும் வந்த வணிகப் பண்டத்தின்மேல் விழுந்த வரி. துறைமுகப் பட்டினமாகிய மாமல்லபுரம் அதனை நன்கறியும். பண்டத்துக்கு வரி உண்டு. பார்க்கும் கண்ணுக்கு வரி உண்டோ? அவ் வணிக வரியையும் நீக்கியதனாலன்றோ முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் போற்றப்பட்டான்!

இனி, அந்த 600 உருபாவின் கதையைக் கேளுங்கள். தெற்காசிய நாட்டார்க்கும், வங்கக் கடல் நாடுகளின் கூட்டமைப்பில் உள்ள பர்மா, தாய்லாந்து நாட்டார்க்கும் உள்நாட்டுக் கட்டணமே. மலேசியாவும் சிங்கப்பூரும் அவ் வமைப்புகளில் இல்லை. ஆகவே இரங்கூன் தமிழனுக்கு 40. பினாங்குத் தமிழனுக்கு 600! யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணனுக்கு 40. போருக்கு அஞ்சி ஓடிக் கனடியக் குடிமகனாகிய தம்பிக்கு 600! இந்திய வழியினர் என்று அட்டை பெற்றவர்க்கு விலக்கு உண்டு. ஆனால், அவ் வட்டை முன்னோரின் இந்தியக் குடியுரிமையைக் கேட்கின்றது. ஈழத்தையே தாயகமாகக் கொண்டவன் அதற்கு எங்கே போவான்? தமிழ்க் கல்தச்சன் குடைந்த கற்றளியின் வாயிலில் தமிழன் அயலான் ஆகின்றான். அவன் நாவிலுள்ள தமிழை எவரும் கேட்பதில்லை. கையிலுள்ள கடவுச்சீட்டையே பார்க்கின்றனர்.

ஆண்டுதோறும் மாசி மகத்தில் இருளர் குடிகள் இக் கடற்கரையிற் கூடுகின்றன. சேலைகளைக் கட்டிக் கூடாரம் ஆக்குவர், கன்னியம்மனை வழிபடுவர், விடியற்காலையில் அம் மணலிலேயே திருமணங்கள் நிகழும். இவர் இனத்தாரே 1978 முதல் அருகிலுள்ள வடநெம்மேலியில் கூட்டுறவு அமைத்து, பாம்பு நஞ்செடுத்து, மருந்தாக்கத்திற்கு வழங்கி ஊரார் உயிர் காப்பவர். கோயிலைச் சுற்றி வேலி. வேலிக்கு வெளியே இவர். மணலுக்கு இன்னும் சீட்டு அச்சிடவில்லை. திறந்துகிடந்த குன்றுக்கு ஒரு கிழமையில் சீட்டு வந்ததைக் கண்டவர், மணலுக்கு வராது என்று எவ்வாறு உறங்குவர்?

வானிறைக் கல்லைச் சார்ந்த குன்று முன்போலத் திறந்து விடப்படல் வேண்டும். கோயில்களில் வாங்கும் பணத்தின் கணக்கை ஆண்டுதோறும் தமிழில் ஊர்நடுவே எழுதி வைத்தல் வேண்டும். அப் பணம் இவ் வூர்க் கற்களுக்கும் இவ் வூர் மக்களுக்குமே செலவாதல் வேண்டும். எந்நாட்டுக் கடவுச்சீட்டோடு வரினும் தமிழர்க்கு 40 உருபாவே கட்டணம் என ஆக்குதல் வேண்டும். இவற்றைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானமாக இயற்றித் தில்லிக்கு விடுக்கட்டும். செங்கழுநீர்ப்பட்டு மாவட்டத்தில் வாக்குக் கேட்டு வருவாரிடம் மக்கள் முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே.