கார் பெயிண்ட் பெயர்ந்தால் மழைக்கு முன் என்ன செய்வது?

கேள்வி: வீடு நெல்லித்தோப்பில், நிலம் பாகூர் பக்கம். பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு உரம், விதை, காய்கறி எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றுகிறோம். பானெட்டிலும் சக்கரத்துக்கு மேலேயும் கல் தெறித்து பெயிண்ட் பெயர்ந்துவிட்டது. டிங்கரிங் பட்டறையில் பக்கம் முழுவதும் அடிக்கச் சொல்கிறார்கள். சம்பா அறுவடைக்கு முன் அந்தச் செலவு முடியாது. நாங்களே ஏதாவது செய்யலாமா?

– ஒரு வாசகர், நெல்லித்தோப்பு

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். இப்போதைக்கும் தை அறுவடைக்கும் நடுவில் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. அழகு கெட்டது பெரிய விஷயம் இல்லை, தகடு வெளியே தெரிவதுதான் ஆபத்து. துரு, இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அதனால் சுற்றியுள்ள நல்ல பெயிண்டையும் தூக்கிவிட்டு, அடியிலேயே பரவும். மிளகு அளவு புள்ளி ஒரு மழைக்காலத்தில் உள்ளங்கை அளவு ஆகிவிடலாம்.

உங்களுக்கு இதில் இரட்டைத் தொல்லை. புதுச்சேரியின் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. நாம் வாங்கும் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பு சோடியம் குளோரைடு. இரண்டிலும் உள்ள குளோரைடுதான் துருவை வேகப்படுத்துகிறது.

முதலில், பெயர்ந்த இடம் தகடா, பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது, அறுவடை வரை காத்திருக்கலாம். தகடாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்:

1. சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். நிழலில், மழையும் பனி ஈரமும் இல்லாத நேரத்தில் வேலை செய்யுங்கள். வெயிலில் கொதிக்கும் தகட்டில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது.

2. துருவையும் தூக்கி நிற்கும் பெயிண்டையும் 320 எண் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். தகடு பளிச்சென்று தெரிய வேண்டும். ஓரத்தை 600 எண் தாளால் மழுங்கத் தேயுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

3. மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும்.

4. கார் பெயிண்ட் கடையில் ‘காருக்கான பிரைமர்’ என்று கேட்டு வாங்கி, சிறு தூரிகையால் மெல்லிசாகத் தடவுங்கள். கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடைப் பூசி, அதன்மேல் கார் பெயிண்ட் அடித்தால் சுருங்கிப்போகலாம்.

5. காய்ந்தபின் டச்-அப் பெயிண்டை இரண்டு மூன்று முறை மெல்லிசாகப் பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபிறகே அடுத்தது. நிற எண் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள சிறு தகட்டில் இருக்கும்.

இதற்கும் வசதிப்படாவிட்டால், சுத்தம் செய்த கடுகளவுப் புள்ளியில் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவலாம். சில வாரம் ஈரம் படாமல் காக்கும். ஆனால் துருவின்மேல் எதைப் பூசினாலும் வீண். மேலே பளபளக்கும், உள்ளே அரிக்கும். பட்டி போட்டு மறைப்பதும் அப்படித்தான்.

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். நெல் தூசியும் மண்ணும் அவற்றை அடைத்தால் கதவு உள்ளிருந்தே அரிக்கும். ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். உர மூட்டைக்கு அடியில் தார்ப்பாய் விரியுங்கள். சிந்திய உரத்தை அன்றே கூட்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

துரு தகட்டை ஓட்டையாக்கியிருந்தாலோ, சேஸிஸ், பிரேக் குழாய், பெட்ரோல் டேங்க் பக்கம் தெரிந்தாலோ கை வைக்காதீர்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது. கடன் வாங்கியாவது பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மற்றவை தை வரை தாங்கும்.