இரண்டு நிமிடத்தில் என்னத்தைப் பார்த்தீர்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

நான் தமிழ் டீச்சர். ஆள் இல்லாததால் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் பாடத்தையும் நான்தான் எடுக்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்த வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு ஹட்டன் டவுனுக்குப் போனேன். குடும்ப நாடகம் ஒன்று மேடையேற்றப் போகிறோம், நடிக்க விருப்பம் உள்ளவர்கள் ஒடிஷனுக்கு வரலாம் என்று ஒரு குழு அறிவித்திருந்தது. குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, கைக்காசு போட்டு நாடகம் செய்கிறவர்கள். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை நம்முடைய கதை. லயத்தில் ஒரு குடும்பம். அம்மா கொழுந்து எடுக்கிறாள், அப்பா குடிக்கிறார், கடன் ஏறிவிட்டது. மூத்த மகளைப் படிப்பை நிறுத்திக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது. மகள் மாட்டேன் என்கிறாள். இந்த மகள் பாத்திரத்துக்குத்தான் இவள் போனாள்.

நாற்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். உள்ளே போனதும் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். "அம்மா, நான் கொழும்புக்குச் செல்ல மாட்டேன். என் கல்வியை இடையில் நிறுத்த வேண்டாம்" என்று தொடங்கும் வசனம். நம்முடைய லயத்தில் எந்தப் பிள்ளை தன் அம்மாவிடம் இப்படிப் பேசும்? இவள் தடுமாறி வாசித்தாள். அவளுக்கே பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "என் பேச்சில ஒரு தடவ செஞ்சு காட்டவா சேர்?" என்று கேட்டாள். சரி என்றார்கள்.

தாளைக் கீழே வைத்தாள்.

"யம்மா, நா போவல. நீ எத்தன தடவ கேட்டாலும் போவல. வேணும்னா நாளைக்கே ஒங்கூட மலைக்கு வர்றேன், கூடய குடு, கொழுந்து எடுக்கிறேன். அங்கன அனுப்பிறாத."

அவ்வளவுதான். பின் வரிசையில் இருந்த எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. முன்னால் இருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். கேலியாக இல்லை, ரசித்துத்தான் சிரித்தார். பிறகு சொன்னார்: "நல்லா இருக்கு. ஆனா தோட்டத்துப் பேச்சு முழு நாடகத்துக்கும் சரிவராது. பக்கத்து வீட்டுக்காரி பாத்திரம் ஒண்டு இருக்கு, கொமடி. அதுக்குப் பொருத்தமா இருப்பா."

மகள் பாத்திரம், தாளைத் தடங்கல் இல்லாமல் வாசித்த டவுன் பிள்ளை ஒருத்திக்குப் போனது. அந்தப் பிள்ளை மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் கேட்பது இதுதான். லயத்தின் துயரம் வேண்டும், லயத்தின் பேச்சு மட்டும் வேண்டாம் என்றால் எப்படி? அழுகிற இடத்தில் புத்தகத் தமிழ், சிரிக்கிற இடத்தில் தோட்டத் தமிழ் என்று யார் பிரித்தது? நான் வீட்டில் பேசும் தமிழையும் சொல்கிறேன். "வாப்பா வந்தீக்கிறாங்க" என்று வாய் தவறிச் சொல்லி ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் ஒரு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பல வருடம் நான்கு பேர் முன்னால் வாய் திறக்கும்போதெல்லாம் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே பேசியிருக்கிறேன். மொழிபெயர்த்துக்கொண்டு பாடம் எடுக்கலாம். நடிக்க முடியாது.

இந்தப் பிள்ளையின் தாத்தா அவர்களுடைய தோட்டத்தில் காமன் கூத்தில் பல வருடம் ரதி வேஷம் கட்டியவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, பௌர்ணமியில் காமனை எரிக்கும் வரை அது நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகிறான். போகாதே என்று ரதி மறிக்கிறாள். புருஷன் பெண்சாதி வாக்குவாதம்தான், அதைவிடப் பெரிய குடும்ப நாடகம் எது? அவன் கேட்காமல் போய் எரிந்துபோகிறான். ரதி புலம்புகிறாள். தப்புச் சத்தத்தோடு அந்தப் புலம்பலைக் கேட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று அழும் பெண்களை நானே பார்த்திருக்கிறேன். (முஸ்லிம் டீச்சருக்குக் காமன் கூத்தில் என்ன வேலை என்று ஒருவர் முன்பொரு தடவை இங்கே கேட்டிருந்தார். என் பிள்ளைகளின் கலை அது. போய்ப் பார்க்காமல் எப்படிப் படிப்பிப்பது?)

காமன் கூத்துக்கு ஒடிஷன் கிடையாது. மாஸ்டருக்குத் தோட்டத்துப் பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எவன் குரல் எட்டும், எவனுக்குத் தாளம் நிற்கும், எவன் காப்புக் கட்டி விரதம் இருந்து கடைசி வரை நிற்பான் என்று வருடக்கணக்காகப் பார்த்துத்தான் வேஷம் கொடுக்கிறார். இரண்டு நிமிடத்தில் இல்லை.

ஆனால் அதையும் நான் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. தாத்தாவின் புலம்பல் முழுவதும் இவளுக்குப் பாடம். ஆனாலும் ரதி வேஷம் இவளுக்குக் கிடையாது, ஏனென்றால் இவள் பெண். ரதியை ஆண்தான் கட்ட வேண்டும் என்பது வழக்கம். இந்த வருடம் அவளுடைய தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். ஆடியது தம்பி. தோட்டத்தில் பெண் என்று இல்லை, டவுனில் தோட்டம் என்று இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை எங்கே போய் நடிப்பது?

மேடைக்கு எந்தப் பேச்சு என்ற சண்டை புதியதும் இல்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது, படித்தவர்கள் பலருக்கு அது நாட்டுப்புறத்தார் ஆட்டம். அவர் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று தொடர்ந்து போட்டார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு மட்டக்களப்பிலிருந்து வந்தவர், கூத்தோடு வளர்ந்தவர். ஊரிலிருந்து கொண்டுவந்ததை வெளியே விட்டுவிட்டு வா என்று அவரிடம் சொல்லியிருந்தால் அந்த இராவணன் இல்லை. இன்று என் பிள்ளைகள் இதையெல்லாம் எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். பராக்கிரம நிரியெல்லவின் ஜனகரளியவையும் சொல்ல வேண்டும். மக்கள் களரி என்று தமிழில் சொல்வார்கள். சிங்கள, தமிழ் இளைஞர்களை ஒரே குழுவாக ஒன்றாக இருந்து பழக வைத்து, இரண்டு மொழியிலும் நடிக்க வைத்தார்கள். மற்ற மொழியையே பழக்கி எடுக்கலாம் என்றால், தோட்டப் பேச்சு உள்ள பிள்ளைக்கு ஒரு மாதம் கொடுக்க முடியாதா?

முடியாது என்பார்கள். ஹோல் வாடகை, லீவு, ஆள் போதாது. தெரியும். காசு கேட்காத மாற்றங்களும் இருக்கின்றன. தாளைக் கொடுக்காதீர்கள். கதையைச் சொல்லுங்கள், "நீ அந்த மகள், அம்மா கேட்கிறா, என்ன சொல்லுவே?" என்று கேளுங்கள். தனித்தனியாகப் பார்க்காமல் நாலு பேரை ஒரு குடும்பமாக நிறுத்திப் பாருங்கள். அடுத்தவர் பேசும்போது எந்தப் பிள்ளை உண்மையாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும். முக்கியமாக, சனிக்கிழமை வைக்காதீர்கள். சனி தோட்டத்தில் வேலை நாள். மகளைத் தனியாக டவுனுக்கு அனுப்பப் பயந்து அம்மா கூட வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். அன்று இவளோடு நான் போனதற்கும் அதுதான் காரணம். என்னைப் போல யாரும் கிடைக்காமல் வீட்டிலேயே நின்ற பிள்ளைகள் எத்தனையோ.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிக்கோயா தாண்டும் வரை அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள், "டீச்சர், அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு எத்தன சீன்?" இரண்டு என்றேன். "அவளுக்கும் மக இருக்குமில்ல?" என்றாள்.

அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். ஒத்திகைக்குப் போகிறாள். இந்தப் பதிவை அவளிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். "பேரு மட்டும் போட்றாதீங்க டீச்சர்" என்றாள்.

அடுத்த நாடகத்துக்கு ஆள் எடுக்கப் போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால்: ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாடசாலை மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. அதிபரிடம் நான் பேசுகிறேன். வாடகை வேண்டாம். பிளேன்டீ நாங்கள் போட்டுத் தருகிறோம்.