வராமற்போன வெண்கொக்கு

ஐப்பசி பிறந்ததும் பரத்பூர் நீர்நிலைகளுக்கு வடபுலத்து விருந்தினர் வரத் தொடங்கிவிடுகின்றனர். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும், சைபீரியச் சதுப்புகளினின்று வரும் கிளுவைகளும் உள்ளான்களும் வந்து இறங்குகின்றன. தலைநகரில் வாழும் நம் மன்றக் குடும்பங்களுள் பல, ஆக்ராவைக் கண்டு திரும்பும் வழியில் ஒரு பொழுது அங்கே தங்கி வருவதை நேயர்கள் அறிவர். ஆயினும், எந்தப் பறவையின் பெயரால் அவ்விடம் உலகெங்கும் பேசப்பட்டதோ, அந்தப் பறவை மட்டும் 2002-ஆம் ஆண்டுக்குப் பின் அங்கே வரவில்லை. அது சைபீரிய வெண்கொக்கு.

கொக்கு என்றதும் நம் ஊர் வயல் வரப்பில் ஒற்றைக் காலில் நிற்கும் சிறு பறவையை எண்ணிவிடலாகாது. நின்றால் மனிதனின் மார்பளவு உயரம், பால்போன்ற வெண்மை, செக்கச் சிவந்த முகம். சிறகின் நுனியில் உள்ள கருமையோ பறக்கும்போது மட்டுமே தெரியும். நீருக்கடியில் உள்ள கிழங்குகளைத் தோண்டித் தின்பது அதன் வழக்கம். மேற்குச் சைபீரியாவில், ஓப் ஆற்றுப் பகுதியிலுள்ள குனோவாத் சதுப்புகளில் குஞ்சு பொரித்துவிட்டு, கஜக்ஸ்தான், உஸ்பெக்கிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் வான்வழியே 5,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கும். 1960-களின் நடுவில் பரத்பூரில் ஏறத்தாழ 200 கொக்குகள் எண்ணப்பட்டன. 1992-93 குளிர்காலத்தில் வந்தவை 5. அடுத்த இரு ஆண்டுகள் ஒன்றுமே வரவில்லை. பின்னர் நான்கும் இரண்டுமாகச் சில ஆண்டுகள் வந்தன. கடைசியாக வந்தது ஓர் இணை.

குற்றவாளி யார் என்று கேட்டால், ஒவ்வொரு நாடும் மற்றொன்றைச் சுட்டிக்காட்ட இடமுண்டு. பரத்பூர் முற்காலத்தில் மன்னரின் வேட்டைக்களம். 1938 நவம்பரில் வைசிராய் லின்லித்கோ பிரபுவின் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அந்தக் கணக்கை இன்றும் அங்குள்ள கற்பலகையில் படிக்கலாம். அக்காலம் போயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வெண்கொக்கை முதல் அட்டவணையிலேயே வைத்தது. பரத்பூரும் தேசியப் பூங்காவாயிற்று. ஆனால் இந்தியாவின் சட்டம் இந்தியாவின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. கொக்கின் பயணமோ அங்ஙனம் முடிவதில்லை. ஆப்கானிஸ்தானின் ஆபே இஸ்தாதா ஏரி அவற்றின் இளைப்பாறும் இடம். 1979 முதல் அந்நாட்டைப் போர் சூழ்ந்தது. துப்பாக்கி இல்லாத ஊரே அரிது என்னும் நிலையில், தாழ இறங்கும் பெரிய வெண்பறவைக்கு என்ன காவல் இருக்க முடியும்? பாகிஸ்தானின் வடமேற்கு ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலோ, பழக்கிய கொக்குகளைக் கூவவிட்டுக் கூட்டத்தை இறங்கச் செய்து, கல் கட்டிய கயிற்றை வீசிக் கொக்குகளைப் பிடிப்பது பழைய பழக்கம்.

நம்முடைய பங்கையும் மறைப்பதற்கில்லை. 1982-இல் பூங்காவினுள் எருமை மேய்ச்சல் திடீரெனத் தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்த்துவந்த சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் கிளர்ந்தெழ, காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. எருமைகள் அகன்றதும் நடந்தது யாது? மேய்வாரற்ற புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது. கிழங்கு தேடும் பறவைக்கு மண்ணே எட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பத்தாண்டுக் காலம் ஆராய்ந்து, மேய்ச்சலை நிறுத்தியது அந்நிலத்துக்கு நன்மை செய்யவில்லை என்று உரைத்தனர். உழைத்துப் பிழைக்கும் மக்களைப் பகைத்து இயற்றும் பாதுகாப்பு, பறவைக்கும் உதவுவதில்லை போலும்!

இனி உடன்படிக்கைகளின் கதைக்கு வருவோம். இடம்பெயரும் உயிரினங்களுக்கெனத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்னும் கருத்து 1972-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் மாநாட்டில் எழுந்தது. 1979-இல் ஜெர்மனியின் பான் நகரில் அது கையெழுத்தாகி, 1983-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே இந்தியா அதில் சேர்ந்தது. 1984-இல் சோவியத்து நாட்டுடன் தனியாகவும் ஒரு பறவைப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டோம். 1993-இல் பான் ஒப்பந்தத்தின் கீழ் முதன்முதலாக எழுதப்பட்ட புரிந்துணர்வுப் பத்திரம் இந்த வெண்கொக்குக்காகவே எழுதப்பட்டது. பின்னர் இப்பறவை வாழும், கடக்கும் பதினொரு நாடுகளையும் அது தழுவியது. தாய் ஒப்பந்தத்தில் உறுப்பினராகாத ருஷ்யாவும் சீனமும்கூட இதில் கையொப்பமிட இயன்றது. அதுவே அதன் சிறப்பு, குறையும் அதுதான். மீறினால் தண்டிக்க வழியற்ற நற்சொல் அது. எனினும், ஒருவரோடொருவர் பேசவும் அஞ்சும் அரசாங்கங்களின் அதிகாரிகள் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு பறவையின் இறங்குதுறைகளை வரைபடத்தில் குறித்தனரே, அதை எளிதென்று நாம் தள்ளமாட்டோம். எழுதிய காலந்தான் பிந்திவிட்டது. 1993-இல் நம் பக்கம் வருவதற்கு இருந்தவை ஐந்தாறு பறவைகள்தாம்.

கிழக்கு வழி வேறு கதை கூறும். யாக்கூட்டியாவிலிருந்து சீனத்துப் போயாங் ஏரிக்குச் செல்லும் கூட்டம் இன்றும் பல ஆயிரமாக வாழ்கிறது. மேற்கு வழியில் ஈரானின் காஸ்பியன் கரைக்கோ ஒரே ஒரு கொக்கு பதினைந்து குளிர்காலங்களுக்கு மேல் தன்னந்தனியே வந்து சென்றது. அந்நாட்டார் அதற்கு இட்ட பெயர் ஓமித். பாரசீக மொழியில் நம்பிக்கை என்று பொருள். 2023-இல் அதற்குத் துணையாக பெல்ஜியத்திலிருந்து ஒரு பெண்கொக்கைக் கொணர்ந்தனர். கூண்டில் வளர்ந்த குஞ்சுகளுக்கு வழி கற்பிக்க, ருஷ்ய அதிபர் புடின் 2012-இல் வெள்ளுடை அணிந்து சிறு வானூர்தியில் முன்பறந்ததையும் செய்தித்தாள்களில் கண்டோம். தாய்தந்தையர் காட்டாத வழியைப் பிறர் காட்டுவது எத்துணை அரிது என்பதை, அயல் மாநிலத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

காலம் தாழாமல் நடந்த செயலும் ஒன்று உண்டு. அமூர் வல்லூறு புறா அளவேயான சிறு பறவை. ருஷ்ய, சீன எல்லையிலிருந்து நாகாலாந்து வழியாக, அரபிக்கடலை ஒரே மூச்சில் கடந்து தென்னாப்பிரிக்கா வரை செல்கிறது. 2012-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் தோயாங் நீர்த்தேக்கத்தருகே வலை கட்டி அவற்றை இறைச்சிக்காகப் பிடித்தனர். அப்பருவத்தில் மட்டும் 1 இலட்சத்துக்கு மேல் பிடிபட்டன என்று மதிப்பிட்டனர். செய்தி பரவியதும், பான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாட்டின் பொறுப்பு என்ன என்னும் கேள்வி எழுந்தது. ஊர்ச் சபையார், திருச்சபையினர், வலை கட்டியோர் ஆகிய அனைவரையும் அமர்த்திப் பேசினர். பாங்க்டி முதலிய ஊரார் தாமே தடை விதித்துக்கொண்டனர். 2013-இல் ஒரு பறவையும் பிடிபடவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, நாகா, வோக்கா, பாங்க்டி எனப் பெயரிட்டு அனுப்பினர். தம் ஊர்ப் பெயரைத் தாங்கிய பறவை ஆப்பிரிக்கா சேர்ந்த செய்தியை அவ்வூர்ப் பிள்ளைகள் கேட்டு மகிழ்ந்திருப்பர்.

பான் ஒப்பந்த நாடுகளின் 13-ஆவது மாநாடு 2020 பிப்ரவரியில் காந்திநகரில் கூடியபோது, அதன் சின்னத்தில் அந்த வல்லூறு, கடலாமை, திமிங்கலம் ஆகியவற்றை நம் வீட்டு வாயிற் கோலத்தின் பாணியில் வரைந்திருந்தனர். 2024-இல் சமர்கண்டில் கூடிய அடுத்த மாநாடு, மத்திய ஆசிய வான்வழிக்கென ஒரு கூட்டுத் திட்டத்தை ஏற்று, அதனை ஒருங்கிணைக்கும் பொறுப்பை இந்தியாவிடம் ஒப்படைத்தது. வெண்கொக்கு வந்த வழி அதுதான்.

வரும் மார்கழியில் பரத்பூர் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு சொல். வாயிலில் நிற்கும் சைக்கிள் ரிக்ஷாக்காரர்கள் பறவைகளை இனங்காட்டப் பயின்றவர்கள். நம்மில் பலரினும் அவர்களுக்குப் பறவைப் பெயர்கள் மிகுதியாகத் தெரியும். அவர்களுள் முதியவர் எவரேனும் கிடைத்தால், வெண்கொக்கு எந்தக் கரையில் நின்றது என்று கேட்டு, பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டுங்கள்.