லயத்தில் கற்ற லயம்

போடியிலிருந்து மூணாறு போகிற பஸ். பக்கத்து ஸீட்டில் ஓர் இளைஞர். ஆபீஸுக்கு இரண்டு நாள் மட்டம் போட்டுவிட்டு வந்தவர். அவர் பனியனில் பீட்டில்ஸ் நால்வரும் ரோட்டைக் கிராஸ் பண்ணிக்கொண்டிருந்தார்கள். போடிமெட்டு வளைவுகளில் அவர் என் மேல் சாய, நான் ஜன்னல் மேல் சாய, சிநேகமாகிவிட்டோம்.

"நம்ம ஊர்ல இப்படி ஒரு பேண்ட் ஏன்ணே வரலே?" என்று பெருமூச்சு விட்டார்.

"தம்பி, இந்த பஸ் போறதே அந்த பேண்ட் போன ரூட்டுதான்" என்றேன்.

விழித்தார்.

பேர் பாவலர் பிரதர்ஸ். ஊர் பண்ணைப்புரம், போடிக்குப் பக்கம்தான். அண்ணன் பாவலர் வரதராஜன். தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர். தெரிந்த சினிமா மெட்டில் பொதுவுடைமைப் பாட்டு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக அண்ணன் மலை மலையாகப் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். சின்னப் பையன் ராசையாவுக்கு முதலில் பெண் குரல் பாட்டு. குரல் உடைந்ததும் ஆர்மோனியம்!

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு மலையில் 'லயம்' என்று பெயர். பகலெல்லாம் கொழுந்து கிள்ளியவர், ஏலக்காய் பறித்தவர் தூக்கத்தை விட்டு உட்கார வேண்டுமானால் முதல் வரியிலேயே பாட்டு ஆளைப் பிடிக்க வேண்டும். பீட்டில்ஸும் ஹாம்பர்க் கிளப்புகளில் ராத்திரி ராத்திரியாக வாசித்துத்தானே தேறினார்கள்? ராசையா லயம் கற்றது இந்த லயங்களில்தான் என்பது என் கட்சி.

1968-ல் தம்பிகள் சென்னைக்குக் கிளம்ப, அம்மா சின்னத்தாய் ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, ஒரு ரூபாய்கூட எடுத்துக்கொள்ளாமல் கொடுத்தார். 1976-ல் 'அன்னக்கிளி'. ராசையா இளையராஜா ஆனார். 2025 மார்ச் 8-ல் லண்டனில் அவருடைய சிம்ஃபனி அரங்கேறியது.

பேண்டை ஆரம்பித்த அண்ணன் இது எதையும் பார்க்கவில்லை. 1973-லேயே போய்விட்டார்.

இளைஞர் ரொம்ப நேரம் பேசவில்லை. பூப்பாறை தாண்டியதும் கேட்டார்:

"அந்த நாலு பேர் படம் போட்ட பனியன் எங்கேண்ணே கிடைக்கும்?"

"நான் பார்த்ததில்லை தம்பி. நீங்க அச்சடிச்சா எனக்கும் ஒண்ணு. எக்ஸ்ட்ரா லார்ஜ். அண்ணன் படம் நடுவில் இருக்கணும்."