எலிக்குச் சரியாயிடுச்சாமே!

டிஸ்கி: நான் பி.காம். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவன். தப்பு இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் குட்டலாம். கொஞ்சம் மெதுவாகக் குட்டவும் :-)

ராஞ்சிக்கு மாற்றல் ஆர்டர் வந்த அன்று பழைய கிளையில் ஒரே சிரிப்பு. நம்மூரில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கிண்டல் செய்வதில்லையா, வடக்கே அதற்கு ராஞ்சி. இங்கே காங்கேயில் இரண்டு பெரிய மனநல மருத்துவமனைகள் இருக்கின்றன. அதில் ஒன்று 1918-ல் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களுக்காக ஆரம்பித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். என் தம்பிக்கு இருபது வருஷமாக மனச்சிதைவு என்பது அவர்களுக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்திலிருந்து அம்மா போன். "ஏம்ப்பா, பேப்பர்ல போட்டிருக்கான். எலிக்கு நம்ம சின்னவன் வியாதிய வரவழைச்சு, அதைச் சரியும் பண்ணிட்டாங்களாமே? மனுசங்களுக்கு எப்ப வரும்?"

வருஷத்துக்கு ஒருமுறையாவது வரும் கேள்விதான். வழக்கமாக "வரும்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். இந்த முறை கோபம் வந்தது. அம்மா மேல் இல்லை, பாவம் எலி மேலும் இல்லை. 'மனச்சிதைவு எலி', 'மனச்சோர்வு எலி' என்று பெயர் சூட்டுகிறவர்கள் மேல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுண்டெலியில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்யும் முறை பெரிய சாதனை. அதற்காக கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007-ல் நோபல் கிடைத்தது. பாங்க் கணக்கில் சொன்னால், ஒரு கிளார்க்குக்கு லீவு கொடுத்துவிட்டு எந்த மேஜையில் ஃபைல் குவிகிறது என்று பார்ப்பது. அவர் என்ன வேலை பார்த்தார் என்று அப்போது தெரிந்துவிடும். இதில் எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை அடுத்த படியில். என் தம்பிக்குக் காதில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார் என்பான். எலிக்குக் குரல் கேட்கிறதா என்று யார் போய்க் கேட்பது? அதனால் அளக்க முடிந்ததை அளக்கிறார்கள். பலத்த சத்தத்துக்கு எவ்வளவு துள்ளுகிறது, தண்ணீரில் போட்டால் எவ்வளவு நேரம் நீந்துகிறது, இப்படி.

இந்தத் தண்ணீர்ச் சோதனை 1977-ல் பார்சோல்ட் என்பவர் கொண்டுவந்தது. வெளியேற முடியாத பாத்திரத்தில் எலியை விடுவார்கள். நீந்துவதை நிறுத்தி மிதந்தால் 'நம்பிக்கை இழந்துவிட்டது' என்று அர்த்தம். ஏன், வழி இல்லை என்று புரிந்துகொண்டு சக்தியை மிச்சம் பிடிக்கும் புத்திசாலி எலியாக இருக்கக்கூடாதா? விஞ்ஞானிகளிலேயே பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

சரி, சோதனை நல்ல சோதனை என்று எப்படி முடிவானது? ஏற்கெனவே இருந்த மனச்சோர்வு மருந்துகளைக் கொடுத்தால் எலி அதிக நேரம் நீந்தியது. அதாவது, பழைய மருந்து சோதனைக்குச் சாட்சி, சோதனை புது மருந்துக்குச் சாட்சி. ஏற்கெனவே கடன் வாங்கிக் கட்டினவன் ஜாடையில் இருப்பவனுக்கு மட்டும் கடன் கொடுப்பேன் என்று நான் உட்கார்ந்தால் இன்ஸ்பெக்‌ஷனில் கிழித்துவிடுவார்கள். இத்தனைக்கும் அந்த மருந்துகள் மனிதருக்குப் பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகும். எலி ஒரே நாளில் நீந்த ஆரம்பித்துவிடுகிறது!

அடுத்து டிஸ்க்1. ஸ்காட்லாந்தில் ஒரு குடும்பத்தில் பலருக்கு மனநோய். அவர்களிடம் உடைந்திருந்த மரபணுவை 2000-ல் அடையாளம் கண்டார்கள். உடனே விதவிதமாக டிஸ்க்1 எலிகள் தயாராயின. பிறகு ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டுப் பார்த்ததில், பொதுவான மனச்சிதைவில் இந்த மரபணு முன்வரிசையில் வரவே இல்லை. 2022-ல் வெளிவந்த பெரிய ஆய்வு 287 மரபணு இடங்களைச் சொல்கிறது. பெரும்பாலும் ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆய்வகங்களில் ரொம்ப காலமாகப் புழங்கும் '129' என்ற எலி வகைக்கு அதே மரபணுவில் இயற்கையாகவே 25 எழுத்துகள் இல்லை என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். அதுவரை அந்த எலியைப் பைத்தியம் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

"அப்போ எலி ஆராய்ச்சியே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். ரெட் சிண்ட்ரோம் என்று ஒரு நோய், பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வருவது. அதற்குக் காரணம் ஒரே மரபணு. 2007-ல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் குழு, நோய் முற்றிய எலிகளில் அந்த மரபணுவைத் திரும்ப இயக்கிக் காட்டியது. எலிகள் தேறின. இங்கே கேள்வி நேர்மையானது, பதிலும் நேர்மையானது. ஆனால் ஒரே மரபணு என்றாலும் உத்தரவாதம் கிடையாது. ஃப்ராஜைல் எக்ஸ் எலிகளைத் தேற்றிய ஒரு மருந்து மனிதரிடம் பலன் தராமல் 2014-ல் கைவிடப்பட்டது.

2024-ல் அமெரிக்காவில் மனச்சிதைவுக்குப் புது வகை மருந்து ஒன்று அனுமதி பெற்றது. அதில் இருக்கும் ஸனோமெலினை 1990-களில் அல்ஸைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களின் பிரமைகள் குறைந்தன. துப்பு கிடைத்தது மனிதரிடம். அது எந்த வழியாக வேலை செய்கிறது என்று பார்க்க மரபணு நீக்கிய எலிகள் உதவின. எலிக்கு உரிய இடம் அதுதான். சாட்சியாக வரட்டும், நோயாளியாக வேஷம் போட வேண்டாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதை. பல வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு செய்தி வந்தது. அப்பா அதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். "புது மருந்து வரப்போவுது, அதுவரைக்கும் இந்தக் கருமத்த எதுக்குப் போட்டு உடம்பக் கெடுத்துக்கணும்" என்று தம்பியின் மாத்திரையைத் தானாகவே குறைத்தார். மூன்றாம் மாதம் அவனை மாயவரம் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தோம். காலில் செருப்பு இல்லை. அப்பா போன பிறகு பர்ஸில் அந்தத் துண்டுக் காகிதம் இருந்தது. 'எலி' என்ற வார்த்தை நாலாவது பத்தியில்தான் வருகிறது.

ஐந்நூறு ரூபாய் மியூச்சுவல் ஃபண்டை விற்கவே, சந்தை அபாயத்துக்கு உட்பட்டது என்று விளம்பரத்தில் மூச்சுவிடாமல் சொல்லியாக வேண்டும். ஒரு தாயின் நம்பிக்கையை விற்க எந்த எச்சரிக்கையும் தேவையில்லையா? நான் கேட்பது ரெண்டே ரெண்டு. விஞ்ஞானிகளே, 'மனச்சிதைவு எலி' என்காதீர்கள், 'இன்ன மரபணு இல்லாத எலி' என்று சொல்லுங்கள். பத்திரிகைக்காரர்களே, 'எலியில்' என்ற வார்த்தையைத் தலைப்பிலேயே போடுங்கள். ஒரு வார்த்தைக்கு என்ன இடப் பஞ்சம்?

அம்மாவிடம் இந்த முறை உண்மையைச் சொன்னேன். "அது எலிம்மா. அதுக்கும் நம்ம சின்னவனுக்கும் ரொம்ப தூரம்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரிப்பா. அவன் மாத்திர இன்னும் நாலு நாளைக்குத்தான் இருக்கு, பணம் அனுப்பிடு" என்றாள். அனுப்பிவிட்டேன்.

பி.கு.: 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை. புது மாத்திரை வரும்போது வரட்டும். உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், எந்தச் செய்தியைப் படித்தும், இந்தப் பதிவைப் படித்தும்கூட, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையில் கை வைக்காதீர்கள்.