கழற்றுவது எளிது, பூட்டுவது?

பேராதனையைக் கடந்து கம்பளை நோக்கிச் செல்லும் பாதையில், மகாவலி கங்கைக்கு அணித்தாய் அமைந்திருக்கும் சிற்றூர் கெலிஓயா. அங்கிருந்து தவுலகலைப் பக்கமாகத் திரும்பி உள்ளே செல்லும் நேயர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். வீட்டோரத்துத் தகரக் கொட்டகையிலே, பழஞ் சாக்குகளுக்கும் விறகுக் கட்டுகளுக்கும் நடுவே, மோட்டார் வண்டி ஒன்று டயரில் காற்றின்றிக் குந்தியிருக்கும். அது ஒரு காலத்தில் மணமக்களை ஏற்றிச் சென்றிருக்கும். பிரசவ வேதனையிலிருந்த தாயொருத்தியை நள்ளிரவிலே கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும். இன்றோ கோழிகள் அதனுள் அடைகாக்கின்றன. அத்தகைய வண்டியை மீண்டும் ஓடச்செய்ய விரும்பும் குடும்பங்களுக்காகவும், அந்த ஆசை நெஞ்சிலே புகுந்துவிட்ட மாணவர்களுக்காகவும் இவ்வாரம் சில வார்த்தைகள் கூறப் புகுகின்றோம்.

பழைய வண்டிகளைப் புதுப்பித்தல் என்றவுடன் அமெரிக்க நாட்டைப் பற்றியே பலரும் பேசுவர். அங்கே 1964 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ., அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அறிமுகமான போர்ட் மஸ்டாங் போன்ற வலிமை மிக்க வண்டிகளைத் துருப்பிடித்த நிலையில் வாங்கி, வருடக்கணக்கில் உழைத்து, பளபளக்கச் செய்வதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர். மஸ்டாங் வண்டிக்கு வேண்டுமாயின், இரும்பு உடற்கூடு முழுவதையுமே புதிதாய்ச் செய்வித்து விற்கும் நிறுவனங்கள் அங்குண்டு. நம் மலைநாட்டுக் கொட்டகைகளில் அத்தகைய வண்டிகளைத் தேடிப் பயனில்லை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மொறிஸ் மைனர்தான். ஆயினும் அதனை அற்பமென எண்ணுதல் கூடாது.

அலெக் இசிகோனிஸ் என்னும் நிபுணர் வரைந்த அந்த வண்டி, 1948 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் லண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதலாக வைக்கப்பட்டது. தயாரிப்புக்குச் சிறிது காலம் முன்னர், மாதிரி வண்டி மிகவும் ஒடுக்கமாகத் தோன்றுகிறதெனக் கண்ட அவர், அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினாராம். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. தொழிற்சாலை அதிபராகிய நபீல்ட் பிரபுவுக்கோ வண்டியின் உருவம் பிடிக்கவில்லை. உடைத்து வெந்நீரில் அவித்த முட்டையைப் போலிருக்கிறதென்று இகழ்ந்தார். அந்த முட்டைதான் 1960 ஆம் ஆண்டு டிசம்பரில் பத்து லட்சத்தை எட்டி, அத்தொகையை எட்டிய முதல் பிரித்தானிய கார் என்னும் பெயரையும் பெற்றது. தயாரிப்பு 1970களின் தொடக்கத்தில் நின்றபோது மொத்தத் தொகை பதினாறு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

பிறந்த நாட்டிலே முதுமை எய்தி மறைந்த வண்டிகள் இலங்கையில் உயிர்த்திருந்தமைக்குக் காரணம் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில், இருந்த வண்டியைக் காப்பாற்றுவதே குடும்பங்களுக்கு வழியாயிருந்தது. அந்தத் தேவையே நம் கராஜ்களிலே தகடு தட்டவும், இல்லாத உதிரிப்பாகத்தைக் கடைந்தெடுக்கவும் வல்ல ஒரு தொழிலாளர் பரம்பரையை உருவாக்கியது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களில் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து அவ்வண்டிக்குரிய தகடுகளை இங்கேயே செய்விக்க முற்பட்டதும் இக்கைத்திறனை நம்பியே. பின்னர் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் மீண்டும் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி மாதத்திலேயே தனியார் வண்டிகளுக்குத் தடை நீங்கியது. அந்த ஐந்தாண்டுகளில் கொட்டகையிற் கிடந்த பழைய வண்டிகள்மீது பலருடைய பார்வையும் திரும்பியதில் வியப்பில்லை.

அண்மையில் கெலிஓயாவில் நாம் சென்றிருந்த ஒரு வீட்டிலும் இதுவே பிரச்சினையாயிருந்தது. காலஞ்சென்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மொறிஸ் மைனர் பலா மரத்தடியிலே நின்றது. பேரன் உயர்தர வகுப்பு மாணவன். அவன் அதைப் புதுப்பிக்க வேண்டுமென்கிறான். தாயாரோ பழைய இரும்புக்கு விற்றுவிட வேண்டுமென்கிறார்.

“மாமா ஓட்டின வண்டி, ஐயா. எனக்கும் ஆசை இல்லாமலில்லை,” என்றார் அந்த அம்மையார். “ஆனால் மேல் வீட்டிலே நடந்ததைப் பார்த்தேனே! ஒரே வாரத்திலே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார்கள். மூன்று வருஷமாய் அப்படியே கிடந்தது. கடைசியில் கிலோக் கணக்கில்தான் போயிற்று. இவனுக்குப் பரீட்சை வேறு வருகிறது.”

அம்மையாரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. புதுப்பிக்கத் தொடங்கிய வண்டிகளிற் பல, துருவினால் அழிவதில்லை, அவசரத்தினால் அழிகின்றன. கழற்றும்போது உற்சாகம் மிகுதி. நாளொன்றுக்கு நூறு போல்ட்டுகள் அவிழ்ந்துவிடும். எது எங்கிருந்தது என்பது மறந்துபோனபின் பூட்டுவதற்கு நூறு நாட்கள் போதா. கையிருப்பும் அதற்குள் கரைந்துவிடும். ஆகையால் அந்த மாணவனிடம் நாம் கூறியது இதுதான்: “தம்பி, முதல் ஆறு வாரமும் ஒரு பகுதியையும் நிரந்தரமாகக் கழற்றாதே. கொப்பி ஒன்று வாங்கு.”

அக்கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதவேண்டியவை பத்திர விவரங்கள். பதிவுச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது? வண்டியிற் பொறித்துள்ள சசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் அதனுடன் ஒத்திருக்கின்றனவா? உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுகள் பெயருக்கு மாற்றப்பட்டதா? இவற்றைத் தீர்க்காமல் ஒரு சதமேனும் செலவிடலாகாது. எத்துணை அழகாகப் புதுப்பித்தாலும் பத்திரமில்லாத வண்டி தெருவில் இறங்க முடியாது.

இரண்டாம் பக்கம் நோக்கத்துக்குரியது. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டுமா, அன்றித் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தவாறே அது காட்சியளிக்க வேண்டுமா? முன்னதற்குப் பஞ்சிகாவத்தையிலே தேடியெடுத்த பழைய பாகங்கள் போதும். பின்னதற்கு ஒவ்வொரு விளக்கையும் பிடியையும் ஆண்டு பார்த்து வருவிக்கவேண்டும், செலவு பன்மடங்காகும். எஞ்சின்கூட எல்லா ஆண்டுக்கும் ஒன்றல்ல. தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றர் அளவும், 1952 முதல் 803 அளவும், முன்கண்ணாடி ஒரே துண்டாக மாறிய 1956 இல் 948 அளவும், 1962 இல் 1098 அளவுமாக அது மாறிவந்தது. எது நம்முடையதென அறியாமல் பாகம் வாங்கப் புறப்படுதல் வீண் அலைச்சலே.

மூன்றாம் பக்கம் துருவின் வரைபடம். இதற்கு வேண்டியவை ஒரு சிறு சுத்தியலும், பழைய ஸ்குரூ டிரைவரும், கைவிளக்குமே. மலைநாட்டு மழையும் ஈரமும் மேற்பூச்சை மட்டும் தின்பதில்லை. கண்ணுக்கெட்டாத இடங்களையே முதலில் நாடும். கதவுகளுக்குக் கீழே பெட்டிபோல் நீண்டோடும் தகடுகள், காலடித் தளம், அத்தளத்தின் கீழ் குறுக்கே செல்லும் சட்டம், பின்புற வில்லுகள் தொங்கும் இடம், முன்சக்கரங்களுக்கு மேலுள்ள உட்தகடுகள் ஆகியவற்றை மெல்லத் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். பழுதான இடம் மந்தமாக ஒலிக்கும். கூரிய முனையால் அழுத்தினால் உள்ளே போய்விடும். முன்பு எவரோ பசை அப்பிப் பூசி மறைத்த ஓட்டைகளும் அப்போது வெளிப்படும்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். முன்னர் குறிப்பிட்ட பொன்ரியாக் வண்டிக்குத் தனியான இரும்புச் சட்டகம் உண்டு. உடலைத் தூக்கி வேறாக வைத்துவிடலாம். மொறிஸ் மைனருக்கு அவ்வாறில்லை. அதன் உடலே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழுள்ள தகடுகள் இரண்டையும் ஒரே சமயத்தில் வெட்டியெடுத்தால் வண்டி நடுவிலே தொய்ந்துவிடும். பின்னர் எவ்வளவு முயன்றாலும் கதவுகள் பொருந்தா. ஆதலால் உடலுக்குக் கீழே சரியான முட்டுக் கொடுத்து, குறுக்குக் கம்பிகளால் அதை இறுக்கி, ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடவேண்டும். கதவை அடிக்கடி மாட்டிப் பார்த்து இடைவெளியைச் சரிபார்ப்பதும் அவசியம். டிங்கர் வேலை செய்பவரைத் தெரிவு செய்யுமுன் இதுபற்றிக் கேளுங்கள். விஷயம் அறிந்தவர் உடனே விளக்குவார்.

அடுத்தது எஞ்சின். பல ஆண்டுகள் உறங்கிய எஞ்சினைப் புதிய பற்றறி பூட்டித் திடீரெனச் சுழற்றுவது பெருந்தவறு. தீப்பொறிக் கட்டைகள் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டொரு நாள் ஊறவிடுக. பின்பு கைப்பிடியைச் செருகி மெதுவாகத் திருப்புக. அசைந்தால் பாதி வெற்றி. அசையாவிட்டால் வலிந்து திருப்பாது மேலும் ஊறவிடுக. பழைய பெற்றோலை வடித்து, தாங்கியின் அடியிலுள்ள துருவைக் கழுவி, எண்ணெயையும் மாற்றிய பின்னரே எஞ்சினை இயக்கிப் பார்க்கலாம். பற்றறி பூட்டும்போது இன்னொரு கவனமும் தேவை. இக்காலத்து வண்டிகளுக்கு மாறாக, மொறிஸ் மைனரில் பற்றறியின் நேர் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. முன்னிருந்தவர் மாற்றியிருக்கிறாரா என்று பாராமல் இணைத்தால் மின்சாதனங்கள் கெட்டுப்போகலாம்.

எஞ்சின் முழங்கியதும் இளைஞர் மனம் தெருவை நாடும். அப்போதுதான் பெரியவர்கள் உறுதியாய் நிற்கவேண்டும். இவ்வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவக் குழாய்த் தொகுதியே பிறேக்கை இயக்குகிறது. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் பயனற்றுப்போகும். அதன் தலைமை உருளையோ சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே மறைந்திருக்கிறது. எட்டுவது சிரமமாகையால் பலரும் தொடாமலே விட்டுவிடுவர். முன்சக்கரத்தைத் தாங்கும் மரையிட்ட மூட்டுகளும் அவ்வாறே. அவற்றுக்குக் காலந்தவறாமல் கிறீஸ் செலுத்தாவிடில் மரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடக்கூடும். பேராதனைச் சமவெளியிலேயே ஆபத்தான இக்குறை, கடுகண்ணாவைக் கணவாயில் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மெருகுக்குப் பணமில்லாவிட்டால் பின்னர் பார்க்கலாம். பிறேக்குக்கும் மூட்டுக்கும் பணமில்லாவிட்டால் வண்டியை நகர்த்தவே கூடாது.

வேலை செய்பவரின் உயிரும் முக்கியம். மலைநாட்டு முற்றங்கள் சரிவானவை. மழை பெய்தால் நிலம் இளகும். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்குக் கீழே தலையை நுழைக்கலாகாது. தடித்த பலகை விரித்து, அதன்மேல் உறுதியான தாங்கிகளை வைத்து, மற்றச் சக்கரங்களுக்கு அடைகல்லும் போடவேண்டும். பழைய பிறேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசியை வாயால் ஊதுவதும் காற்றடித்துப் பறக்கவிடுவதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியாலே துடைத்தெடுக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் கழற்றத் தொடங்கலாம். எந்தப் பகுதியைத் தொடுமுன்பும் கையடக்கத் தொலைபேசியாற் படம் எடுத்து வைத்துக்கொள்க. வெற்றுப் பால்மாப் பேணிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியின் போல்ட்டுகளை மட்டும் இட்டு, பெயரும் திகதியும் எழுதி ஒட்டுக. மின்கம்பி ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் அடையாளத் துண்டு கட்டுக. ஒரு பகுதியைக் கழற்றிச் சீர்செய்து மீண்டும் பூட்டிய பின்னரே அடுத்ததற்குச் செல்க. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று முழுமை பெற்றிருக்கும். இடையிலே பணமோ நேரமோ முட்டுப்பட்டாலும் வண்டி குப்பையாகிவிடாது.

கெலிஓயா மாணவன் இப்போது ஆறு வாரத்தைக் கடந்துவிட்டான். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி நேரமே வண்டிக்கு; மற்றப் பொழுது பாடங்களுக்கு என்பது தாயார் விதித்த நிபந்தனை. மாதச் செலவுக்கும் அவரே ஓர் எல்லை வகுத்திருக்கிறார். வண்டி இன்னும் ஓடவில்லை. ஆனால் கொப்பியிலே முப்பது பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. எஞ்சின் கைப்பிடிக்கு அசைந்து கொடுத்தது. ஒரு போல்ட்டும் தொலையவில்லை. சாரதி ஆசனத்தின் அடியிலே, தாத்தா தம் கையால் எண்ணெய் மாற்றிய திகதிகளைக் குறித்துவைத்த சிறு அட்டையொன்றும் கிடைத்ததாம். அதைத் தாயாரே எடுத்துப் பேரனின் கொப்பியில் ஒட்டியிருக்கிறார். பழைய இரும்புக்காரரைப் பற்றிய பேச்சு அவ்வீட்டில் இப்போது எழுவதில்லை.

வீட்டில் இவ்வாறான வண்டியொன்றை வைத்திருக்கும் நேயர்கள், வரும் ஞாயிறன்று ஸ்பானரைத் தேடாது பேனாவைத் தேடுவார்களாக. முதலில் பதிவுச் சான்றிதழ் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று பாருங்கள். பின்பு கோழிகளை இறக்கிவிட்டு, கைவிளக்கோடு வண்டியைச் சுற்றி ஒருமுறை வாருங்கள். அன்றைக்கு அவ்வளவு வேலை போதும்.