இரவல் கண்

சர்வர் என்றதும், கையில் நாலு டவரா டம்ளரை அடுக்கிக்கொண்டு வரும் ஓட்டல்காரர்தான் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவார். நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டர் சர்வரைப் பற்றி. ரயில் டிக்கெட், பாங்குக் கணக்கு, மின்சார பில் என்று நம் சகல விவகாரங்களையும் எங்கோ ஓர் அறையில் இராப்பகலாகக் கவனித்துக்கொண்டிருப்பது அதுதான். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அது நின்றால் உங்களோடு நானும்தான் நிற்கிறேன்.

இந்த யந்திரம் சௌக்கியமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பலகை உண்டு. மோட்டார்க் காரில் வேகத்தையும் பெட்ரோலையும் காட்டும் டாஷ்போர்டு மாதிரி. டிஸ்கில் எவ்வளவு இடம் பாக்கி, எத்தனை பேர் வாசலில் காத்திருக்கிறார்கள், எல்லாம் கோடு கோடாக ஓடும். ஸ்வீடன் தேசத்து டார்கெல் ஓடெகார்ட் என்பவர் 2014-ல் வெளியிட்ட கிராஃபானா என்ற மென்பொருளில்தான் இன்று ஏராளமான பலகைகள் ஓடுகின்றன. யார் யாரோ செய்த பலகைகளை அந்த ஸ்தாபனத்தின் இணையதளத்தில் எண் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1860 என்ற எண்ணைக் கொடுத்தால் போதும். 'நோட் எக்ஸ்போர்ட்டர் ஃபுல்' என்ற பெரிய பலகை உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சௌகரியம்தான். அந்தச் சௌகரியத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

"ஊரார் பலகை சும்மா கிடைக்கும்போது சொந்தமாக ஒரு பதிவகம் எதற்கு ஸார்? பெரிய கம்பெனியிடம் விட்டுவிட்டால் அவன் பார்த்துக்கொள்கிறான்" என்கிறார்கள் இந்தத் துறையிலுள்ள நண்பர்கள். பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். 2017 பிப்ரவரி 28-ந் தேதி, அமெரிக்காவில், வட வர்ஜீனியாவிலுள்ள அமேசானின் எஸ்3 என்ற சேமிப்புக் கிடங்கு நாலு மணி நேரத்துக்கு மேல் படுத்துவிட்டது. பில் கணக்குப் பகுதியின் மந்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஊழியர் ஒருவர் கட்டளையொன்றைத் தவறாகத் தட்ட, கழற்ற நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றுபோயின. கை தவறுவது மனித சுபாவம். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வேடிக்கை வேறிடத்தில் இருக்கிறது. எது ஓடுகிறது, எது நின்றது என்று ஊருக்கு அறிவிக்கும் பலகையை அந்தக் கம்பெனியால் சுமார் இரண்டு மணி நேரம் திருத்த முடியவில்லை. ஏனென்றால், பலகையைத் திருத்தும் ஏற்பாடும் அதே எஸ்3-ஐ நம்பியிருந்தது! நோயாளியையே வைத்தியராக நியமித்த கதை. பிறகு அதை மாற்றியமைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இலவசத்தின் ஆயுளும் அப்படித்தான். டாக்கர் கம்பெனியின் பொதுக் கிடங்கில் மென்பொருள்களை இஷ்டம்போல் எடுத்துப் பழகியவர்களுக்கு, 2020 நவம்பரில், பெயர் கொடுக்காமல் வந்தால் ஆறு மணி நேரத்துக்கு 100 தடவைதான் என்று வரம்பு வந்தது. 2023 மார்ச்சில், இலவசக் குழுக் கணக்குகள் முப்பது நாளில் பணம் கட்ட வேண்டும், இல்லையேல் இடம் காலி என்று நோட்டீஸ். கூச்சல் கிளம்பவே, அந்த மாதமே அதை வாபஸ் வாங்கினார்கள். இன்னொரு மாதம் கூச்சல் கேட்காமலும் போகலாம்.

இவற்றைவிட எனக்குப் பயமாக இருப்பது மௌனம். 2018-ல் நோட் எக்ஸ்போர்ட்டரின் 0.16 பதிப்பு வந்தபோது அளவைகள் பலவற்றின் பெயரை மாற்றினார்கள். யந்திரத்தில் புதுப் பதிப்பைப் போட்டு, பழைய பெயரைத் தேடும் இரவல் பலகையை அப்படியே மாட்டியிருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? கட்டங்கள் காலியாயின. சர்வர் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. பார்க்கிற கண்தான் அவிந்துவிட்டது. அந்தக் கட்டம் எந்தப் பெயரைத் தேடுகிறது என்று தெரிந்தவன் ஐந்து நிமிஷத்தில் திருத்தியிருப்பான். நம்பரைத் தட்டி வரவழைத்தவனுக்கு அது எப்படித் தெரியும்? டிஸ்க் நிரம்பி ஆஸ்பத்திரிப் பதிவேடு நின்றுபோகிற ராத்திரியில், காலிக் கட்டத்தைப் பார்த்து, 'ஒன்றும் இல்லை, எல்லாம் நலம்' என்று தூங்கப் போனால் யாரைக் கேட்பது?

சொந்தப் பதிவகம் என்றால் பிரமாதமான காரியமில்லை. ஒரு பலகை என்பது கடைசியில் ஜேசன் என்ற வடிவில் எழுதிய கோப்புதான். அந்தக் கோப்புகளை, மாற்றங்களையெல்லாம் தேதியோடு குறித்து வைக்கும் கிட் களஞ்சியம் ஒன்றில் சேர்த்து, அங்கிருந்து கிராஃபானா படித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தால் முடிந்தது. வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. நகல் எடுத்து வைக்க வேண்டும், சான்றிதழைத் தவணை தவறாமல் புதுப்பிக்க வேண்டும், யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் பலருக்குக் கசக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

"ஃபேஸ்புக்காரன் எல்லாம் சொந்தமாகத்தானே வைத்திருந்தான்?" என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. 2021 அக்டோபர் 4-ந் தேதி அவர்கள் சுமார் ஆறு மணி நேரம் உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தபோது, பழுதைத் தேடும் சொந்தக் கருவிகளும் கூடவே செத்தன. சொந்தம் என்பதற்காக ஒரே சுவருக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. காவல் பார்க்கும் பெட்டிக்கு வேறு இடம், வேறு மின்சாரம், வேறு கம்பி.

1860-ஐ இறக்கிக்கொள்ளுங்கள், ஆட்சேபணையில்லை. அதில் எந்தக் கட்டம் எதற்கென்று உங்களுக்குத் தெரிகிறதோ அதை மட்டும் நிறுத்திக்கொண்டு, பாக்கியை அடித்துவிட்டு, உங்கள் பெயரைப் போட்டு உங்கள் பதிவகத்தில் வையுங்கள். அபாயக் கோட்டை 80-லிருந்து 95-க்கு ஏற்றியது யார், எந்தத் தேதியில் என்று நாளை ஒருவர் கேட்டால், எடுத்துக் காட்ட ஓர் ஏடு இருக்கும்.